ஊசிச் சோளக்காடு

ஆத்தப்பனின் படிப்பு நாலாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு சாமளாபுரத்துக்குத் தெற்கே இருந்த நாலு ஏக்கர் மேட்டுக்காட்டில் அப்பனோடு சோளம் விதைத்தார். கிணற்றில் தண்ணீர் கீழே போனதும் பத்து வருடம் தறி ஓட்டினார். தறிச்சத்தத்தில் இடது காது மந்தமானது. 1989ஆம் வருடம் முதலிபாளையம் பக்கம் தரணீதரனின் அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனியில் சேர்ந்து, எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு மிஷின் பழுது பார்க்கும் பிட்டருக்குப் பின்னால் நடந்தார். இரண்டே வருடத்தில் அவரே பிட்டர் ஆகிவிட்டார்.

துணி பின்னும் மிஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய அண்டா அளவுக்கு ஒரு இரும்பு உருளை, அதைச் சுற்றி வரிசையாக இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் ஊசிகள். ஒவ்வொரு ஊசியின் தலையிலும் கடுகளவு கொக்கி ஒன்று உண்டு. அந்தக் கொக்கிதான் நூலைப் பிடித்து இழுத்துக் கண்ணி போடும். ஒரே ஒரு கொக்கி ஒடிந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். எந்த மிஷினில் ஊசி கெட்டிருக்கிறது என்று ஆத்தப்பன் நல்ல காதை வைத்தே சொல்லிவிடுவார். மந்தமான காதால்தான் முதலாளி திட்டுவதைக் கேட்பார் என்று கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து கேலி செய்வான்.

2006ஆம் வருடம் ஆத்தப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. கம்பெனி இப்போது மகன் தரணீதரன் கையில் இருந்தது. பனியன் வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர், வேலைக்காரர்கள் சாப்பிட ஒழுங்கான இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனிக்குப் பின்னால் கொட்டகை எழும்பியது. மிஷின் ஓடும் கட்டடத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே அரை ஏக்கர் வெற்று நிலம் கிடந்தது. பையரின் ஊரில் பூங்காக்களிலும் ரோட்டு முக்கிலும் இரும்புச் சிலைகள் நிற்பதைத் தரணீதரன் பார்த்திருந்தார். நம் இடத்திலும் அப்படி ஒன்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு சித்ராதேவியைக் கூப்பிட்டார்.

சித்ராதேவியின் அப்பா உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து முப்பது வருடம் இங்கே டெய்லராக இருந்தவர். அவள் சென்னையில் சிலை செய்யப் படித்தவள். வந்த முதல் நாளே சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் தூக்குப்போசியாக எட்டிப் பார்த்து, இது எங்கே விளைந்தது என்று கேட்டுக்கொண்டே போனாள். ரேஷன் கடை என்றார்கள், சந்தை என்றார்கள், ஹாஸ்டல் மெஸ் என்றார்கள். விளைந்த ஊரின் பேரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் போட்ட திட்டம் அங்கேதான் பிறந்தது. அந்த அரை ஏக்கரில் அறுபது சோளத் தட்டுகளை இரும்பில் நட வேண்டும். தண்டுக்குப் பழைய குழாய், தோகைக்குத் தகரம், கதிருக்குக் கம்பெனியே டிரம் டிரம்மாகக் கழித்துப் போட்ட பழைய ஊசிகள். நடுவே ஒரு தடம். கொட்டகைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தட்டைக் கையால் விலக்கிக்கொண்டு அந்தத் தடத்தில்தான் நடக்க வேண்டும்.

“சோத்துக்குப் போற வழியே காட்டு வழியாத்தேன் இருக்கணும் சார். இதுல பாக்குறது பாதி, தொட்டு நடக்குறது பாதி,” என்றாள் சித்ராதேவி.

ஊசி விஷயம் என்பதால் ஆத்தப்பனை அவளுக்கு உதவியாகப் போட்டார்கள். அவள் வரைந்த படத்தை ஆத்தப்பன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மிணி, இது நெல்லுங்களா?”

“சோளம்ங்கய்யா.”

“சோளத்துக் கழுத்து இப்புடி நட்டமா நிக்காதுங்க. மணி புடிச்சுட்டா இந்தப் பக்கம் சித்தெ வளையும். கனமிருக்குதில்லீங்க.”

அவள் பென்சிலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். நாலாம் வகுப்புக்குப் பிறகு ஆத்தப்பன் பென்சில் பிடித்தது அன்றைக்குத்தான். கோணலும் மாணலுமாக அவர் போட்ட கழுத்தைத்தான் அறுபது தட்டுக்கும் வளைத்தார்கள்.

இரண்டு மாதம் வேலை நடந்தது. தார்ப்பாய் கட்டி மறைத்திருந்ததால் வெளி ஆள் யாரும் உள்ளே வரவில்லை. ஒவ்வொரு கதிருக்கும் முந்நூறு ஊசி. பிசின் தடவிய கட்டையில் ஊசிகளை வரிசை பிசகாமல் ஆத்தப்பன்தான் நட்டார். அவர் நட்ட விதத்தில்தான் தப்பு இருந்தது. பதினேழு வருடத்தில் ஊசியைத் தலைகீழாக வைத்தது கிடையாது அவர் கை. கொக்கி வெளியே, கால் உள்ளே. மிஷினில் அதை மாற்றி வைத்தால் எல்லாம் நொறுங்கிப்போகும். அதே பழக்கத்தில் பதினெட்டாயிரம் ஊசியையும் கொக்கி வெளியே தெரிய நட்டுவிட்டார். தினமும் பத்துத் தடவை அந்தத் தடத்தில் நடந்தும் பார்த்தார். ஆனால் அவர் போட்டிருந்தது முரட்டுக் காக்கிச் சட்டை. சித்ராதேவி கட்டியிருந்தது கைத்தறிச் சேலை. தறியில் நெய்த துணி கொக்கியில் சுலபமாக மாட்டாது. பின்னல் துணிதான் தொட்டதும் மாட்டும். இருப்பது பனியன் ஊர் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

திறந்த அன்றைக்குப் புதன்கிழமை. மணி அடித்ததும் முதல் ஆளாக இசக்கிமுத்து போனான். பின்வாசலில் கூரியர் வண்டி நின்றது. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஐந்து சாம்பிள் பீஸ்களைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டுகளுக்குள் நுழைந்தான். நாலு எட்டு வைத்தவன் அப்படியே நின்றான்.

“ஏ, விடுல. வெளாடாத,” என்றான் திரும்பாமல்.

பின்னால் யாரும் இழுக்கவில்லை. அவன் பனியனின் முதுகை ஒரு கதிர் பிடித்திருந்தது. முன்னால் ஒரு இழுப்பு இழுத்தான். தோளில் கிடந்த சாம்பிளும் மாட்டிக்கொண்டு சர்ரென்று கண்ணி ஓடியது. அவனுக்குப் பின்னால் வந்த மூன்று பேர் ஆளுக்கொரு தட்டில் மாட்டி, கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றார்கள். செக்கிங்கில் இருக்கும் விஜயராணி, கழுத்தில் தொங்கிய நூல் வெட்டும் கத்தரியோடு வந்தாள். அவள் திருநெல்வேலிப் பக்கம்.

“அசையாதிய. அசைஞ்சா பனியன் பூரா நூலாப் போயிரும். வெட்டி விடட்டா, இல்ல இங்கனயே சோறு கொண்டாரட்டா?”

“வெட்டுக்கா. சோளக்காட்டுல சிக்கிச் செத்தான்னு ஊருக்கு எழுதிராத,” என்றான் இசக்கிமுத்து.

எல்லோரும் சிரித்தார்கள். ஆத்தப்பன் சிரிக்கவில்லை. கதிரில் கிழிந்து தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்தபடி நின்றார். தான் செய்த தப்பு என்னவென்று அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது.

தரணீதரன் கோபம் வந்தால் சத்தம் குறைகிற ஆள். ஓட்டை விழுந்த மூன்று சாம்பிளையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஆத்தப்பனிடம் மெதுவாகப் பேசினார்.

“சுத்தியும் கிரில் போட்டரலாமுங்கண்ணா. அளவு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் வியாழக்கெழம வந்துரும். எல்லாரும் வெளிய நின்னு பாத்துக்கட்டும். சோத்துக்குச் செவுத்தோரமாப் போய்க்கலாம்.”

“மொதலாளி, அதுக்குள்ள நடக்கறதுக்குத்தானுங்களே அதைய வெச்சது.”

“நம்ம காட்டச் சுத்தியுந்தான் கிளுவ வேலி போட்டிருந்தோம். வேலியில்லாத காடு ஏதுங்கண்ணா?”

“அது ஆடு மாடு வெள்ளாமையத் திங்காம இருக்கறதுக்குங்க. திங்கப் போற மனுசன உள்ள உடாம இருக்கறதுக்கு எங்கீங்க வேலி போட்டோம்?”

தரணீதரன் சாம்பிள்களை மடிக்க ஆரம்பித்தார். ஆத்தப்பன் நகரவில்லை.

“தப்பு என்ற கைதானுங்க செஞ்சுது. அதையே சரி பண்ணச் சொல்லுங்க. வியாழக்கெழம வரைக்கும் உடுங்க. எந்தத் துணிய வேணா கொண்டாந்து அதுல தேச்சுப் பாருங்க. ஒரு கண்ணி எந்திரிச்சாலும் நானே கிரில்லுக்குக் குழி தோண்டிக் குடுக்கறேன்.”

“மிஷின் வேலை நிக்கக்கூடாதுங்கண்ணா.”

“நிக்காதுங்க.”

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, எப்படிச் செய்வதென்று தெரியாது. முதலில் கட்டிங் பிளேயரை எடுத்துக் கொக்கிகளை வெட்டிப் பார்த்தார். வெட்டின முனை முள்ளாகக் குத்தியது. துணியோடு கையும் கிழியும். பிடுங்கித் திருப்பி நடலாமா என்று சித்ராதேவி கேட்டாள். பிசின் கல்லாட்டம் இறுகியிருந்தது. கட்டை பிளந்ததே தவிர ஊசி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மிஷினின் எண்ணெய்க் குழாய் ஒழுகியது. ஒழுகும் குழாயை அடைக்கிற எம்சீல் இரண்டு துண்டைப் பிசைந்து ஒட்டினார். கையில் சுண்டைக்காய் அளவு மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே நேராகக் காட்டுக்கு நடந்தார். துளி கிள்ளி, உருட்டி, ஒரு கொக்கியின் தலையில் வைத்து அழுத்தினார். அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே போட்டிருந்த பனியனோடு போய்த் தோளை உரசினார். வழுக்கிக்கொண்டு போனது. சித்ராதேவி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

“அய்யா, இது மணி புடிச்ச மாதிரில்ல இருக்கு.”

ஆத்தப்பனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற கதிர்கள் எல்லாம் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருந்தன. இதில் மட்டும், அந்த ஓரத்தில் மட்டும், சாம்பல் பூத்த வெள்ளைச் சோளம் விளைந்திருந்தது.

“இத்தன நாளு நாம நட்டது பதருங்கம்மிணி. இப்பத்தான் வெளைய வெக்கறோம்,” என்றார்.

காலையில் ஆறு மணிக்கு வந்து எட்டரை வரை உருட்டுவார். சாப்பாட்டு நேரத்தில் சோற்றை நாலு வாயில் விழுங்கிவிட்டு உருட்டுவார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும் வரை உருட்டுவார். ஒரு கதிருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. சனிக்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தால் நாலு கதிர் முடிந்திருந்தது. ஐம்பத்தாறு பாக்கி.

இசக்கிமுத்து சுவரோரமாகச் சாப்பிடப் போகிறவன் நின்று பார்த்தான்.

“மாமா, இந்த வேகத்துல போனா அறுவடைக்குத்தான் முடியும். நானும் உருட்டட்டா?”

“வேண்டாம் மாப்ள. ஒரே ஒரு கொக்கிய உட்டாலும் அத்தன வேலையும் வீணாப் போயிரும். நானே பாத்துக்கறேன்.”

பக்கத்தில் இருந்த விஜயராணி முடிந்த கதிர் ஒன்றின் முன் போய் நின்றாள். செக்கிங்கில் துணியில் குறை கண்ட இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் அட்டை அவள் இடுப்பில் எப்போதும் இருக்கும். கதிரை விரலால் தடவிக்கொண்டே ஒன்று ஒட்டினாள். இன்னொன்று ஒட்டினாள். ஐந்து நிமிடத்தில் ஆத்தப்பனின் கதிரில் பதினோரு அம்பு நின்றது.

“பதினொண்ணு விட்டிருக்கிய அண்ணாச்சி. எங்க செக்சன்ல இப்படி விட்டா வீட்டுக்குப் போகச் சொல்லிருவாவ.”

ஆத்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, ஒவ்வொரு அம்பின் முனையையும் பார்த்தார். பதினொன்றும் சரிதான். இரண்டை அவர் விரலால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. எத்தன பேரு வருவீங்கம்மிணி?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்தும் லைன் வீடுகளிலிருந்தும் முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். வேலையை விஜயராணி பிரித்துக் கொடுத்தாள். பத்துப் பேர் பிசைவது, இருபது பேர் ஒட்டுவது, எட்டுப் பேர் செக்கிங். ஆத்தப்பனை ஒட்டுகிற கூட்டத்தில் போட்டாள், செக்கிங்கில் சேர்க்கவில்லை. அவர் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, எங்கள் ஊரில் சோளம் சிவப்பாக அல்லவா இருக்கும் என்றாள். அதெல்லாம் மாட்டுக்கு என்றான் ஒருவன். நீ தின்றதில்லையா என்றாள் அவள். உருட்டிக்கொண்டே தட்டைப்பயறு, கேப்பை, குதிரைவாலி என்று ஆளுக்கொரு ஊரின் வெள்ளாமையைப் பேசினார்கள். சித்ராதேவி தன் பங்குக்கு உருட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் முப்பத்தோரு கதிர் விளைந்திருந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆபீஸ் போனில் மனைவி ரங்காத்தாள் கூப்பிட்டாள். பல்லடம் ஆஸ்பத்திரியில் மகள் ஜனனிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆத்தப்பன் போனைக் கீழே வைக்க மறந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஆபீஸில் இருந்தவர்களிடம் பேத்தி, பேத்தி என்றார். அப்படியே பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் கையை நீட்டினார். நர்ஸ் நடுவில் வந்து நின்றாள். பத்து விரலிலும் எம்சீல் காய்ந்து, நகக்கண் முழுக்கச் சாம்பல் நிறம்.

“இந்தக் கையோட தொடாதீங்க பெரியவரே.”

வெளியே குழாயடிக்குப் போனார். மணலை வைத்துத் தேய்த்தார், கருங்கல்லில் உரசினார், ரங்காத்தாள் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைப் பூசி மறுபடி தேய்த்தார். தோல் சிவந்து எரிந்தது. அரை மணி நேரம் கழித்து நர்ஸ் உள்ளங்கை, புறங்கை எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

குழந்தை இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. முகம் சுருங்கி, எதையோ யோசிக்கிற மாதிரி இருந்தது. அதன் கை மெல்ல எழுந்து, அவர் சட்டைப் பையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. ஆத்தப்பன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

“அப்புச்சியப் புடிச்சுக்கிட்டாளாக்கு. என்ன சாமி, எங்க போறதுக்கு இந்தப் புடி?” என்றார்.

அவர் கிளம்பியபோது ரங்காத்தாளுக்குக் கோபம் வந்தது. “ரெண்டு நாளைக்கு இருந்தாத்தான் என்னுங்க? இரும்புல வெளஞ்ச கருத அறுத்துப் பேத்திக்குக் களி கிண்டப் போறீங்களா?”

“தொட்டதையெல்லாம் புடிக்கறா பாத்தியல்ல. நாளைக்கு என்ற கூட வந்தான்னா அந்தக் கருதையுந்தான் புடிப்பா. வியாழக்கெழம முடியட்டும் ரங்கா.”

புதன்கிழமை சாயங்காலம் அறுபதாவது கதிரிலிருந்து கடைசிச் சிவப்பு அம்பையும் விஜயராணி உரித்து எடுத்தாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கே கிரில் ஏற்றிய டெம்போ வந்து வாசலில் நின்றது. தரணீதரன் ஒரு துணி ரோலோடு வந்தார். பச்சைக் குழந்தைச் சட்டைக்கு ஓட்டுகிற மெல்லிசுத் துணி அது, கையால் தொட்டாலே கண்ணி எழுந்துகொள்ளும். கம்பெனியில் இருப்பதிலேயே அதுதான் மோசமாக மாட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இசக்கிமுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தடத்தில் நடந்தான். துணி அறுபது கதிரையும் உரசிக்கொண்டு அவன் பின்னால் போனது. எங்கும் நிற்கவில்லை. கொட்டகைப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் விரித்துப் பார்த்தார்கள்.

“நல்லா இருக்குதுங்கண்ணா,” என்றார் தரணீதரன்.

ஆத்தப்பன் துணியின் ஒரு பக்கத்தை இழுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“இங்க ஒண்ணு எந்திரிச்சிருக்குதுங்க.”

ஒரே ஒரு கண்ணி. எறும்பின் கால் அளவு.

“ஏன் அண்ணாச்சி, அவுகளே பாக்கல. உங்களுக்கு வாய் சும்மா இருக்காதோ?” என்று விஜயராணி காதோடு சொன்னாள். மந்தமான காதுப் பக்கம் நின்று சொன்னதால் அவருக்கு எட்டவில்லை, அல்லது எட்டாத மாதிரி இருந்தார்.

“சொன்ன சொல்லுப்படி பாத்தா நான் குழி தோண்டோணும்,” என்றார் தரணீதரனிடம். “தோண்டறேன். அதுக்கு முந்தி அந்தக் கொக்கி எதுன்னு கண்டுபுடிச்சுப்போடறேனுங்க.”

துணியின் ஓரத்திலிருந்து அந்தக் கண்ணி எத்தனை சாண் உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். அதே உயரத்தில் கையை வைத்து ஒவ்வொரு தட்டாகத் தடவிக்கொண்டு வந்தார். யாரும் சாப்பிடப் போகவில்லை. முப்பத்தேழாவது கதிரின் அடிப்பக்கம், வளைந்த கழுத்துக்குக் கீழே, ஒரு மணி பாதி உதிர்ந்திருந்தது. விஜயராணி அங்கேயே எம்சீல் பிசைந்து கொடுத்தாள். புது மணியை உருட்டி வைத்து அழுத்தினார். மற்ற மணிகளில் உதிர்வது மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மூன்று பேர் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அது காயும் வரை தரணீதரனும் ஆபீசுக்குப் போகாமல் வெயிலிலேயே நின்றார்.

இரண்டாம் முறை துணியின் முனையை ஆத்தப்பனே பிடித்தார். இந்த முறை விரித்துப் பார்க்கும் வேலை விஜயராணிக்கு. அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பிறகு ஸ்டிக்கர் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, “பாஸ்,” என்றாள்.

தரணீதரன் டெம்போக்காரரிடம் போனார்.

“ஜெனரேட்டரச் சுத்திப் போட்ருங்க.”

“அளவு ரொம்பப் பெருசா இருக்குமேங்க.”

“வெட்டிப் போடுங்க.”

இரண்டே முக்காலுக்கு, இரண்டு மணி நேரம் தாமதமாக, சாப்பாட்டு மணி அடித்தது. முந்நூறு பேர் போசியும் டிபன் பாக்ஸுமாகத் தட்டுகளை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். சிலர் கதிரைத் தடவினார்கள். பிசைந்து ஒட்டியவர்கள், இது நான் வைத்தது என்று காட்டினார்கள். ஆத்தப்பன் தடத்தின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு தோளையும் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பனியனும் இழுபடவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்த்து நிற்கவில்லை. கடைசி ஆள் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான், தன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவரும் காட்டுக்குள் நுழைந்தார்.